பெற்றோருடன் வெளிநாட்டுச் சுற்றுலா: பயணக் காப்பீட்டில் எதைப் பார்த்து எடுப்பது?

வழிப்போக்கி

அப்பா, அம்மா, நான் மூவரும் இரண்டு வாரம் ஐரோப்பாவைச் சுற்றப் போகிறோம். டிக்கெட் போட்டாயிற்று. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டும், அதற்குப் பயணக் காப்பீடு கட்டாயம் என்கிறார்கள். ஒப்பீட்டுத் தளத்தைத் திறந்தால் பாலிசிகள் வரிசை கட்டி நிற்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வாக்கியங்கள், ஒரே மாதிரி பச்சை டிக் அடையாளங்கள். விலை மட்டும் ஒன்றுக்கொன்று மூன்று மடங்கு வித்தியாசம்.

அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு, சில வருடங்களுக்கு முன் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார். அம்மாவுக்கு மூட்டு வலி தவிர ஒன்றுமில்லை. இருப்பதில் மலிவானதை எடுத்து விசாவை வாங்கிவிடலாமா, இல்லை பார்த்துத்தான் எடுக்க வேண்டுமா?

சந்தேகசாமி

விசாவுக்குத்தானே கேட்கிறார்கள்? மலிவானதை எடுத்துக் கோப்பில் வையுங்கள். எனக்குத் தெரிந்த யாரும் இதுவரை காப்பீட்டுப் பணம் கேட்டு கிளெய்ம் செய்ததில்லை. இது நம் பயத்தை வைத்து நடக்கும் வியாபாரம்.

கிளெய்ம்மேசை

சந்தேகசாமி, விசா வரைக்கும் நீங்கள் சொல்வது சரி. 2009ஆம் ஆண்டு ஐரோப்பிய விசா விதித்தொகுப்பு கேட்பது இவ்வளவுதான்: குறைந்தது 30,000 யூரோ காப்பு, தங்கும் நாள் முழுக்க, ஷெங்கன் நாடுகள் அனைத்திலும் செல்லுபடியாக வேண்டும். அவசர சிகிச்சை, மருத்துவமனைச் செலவு, நோயாளியைச் சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவு, இறப்பு ஆகியவை அதில் அடங்க வேண்டும். மலிவான பாலிசிகள் பலவும் இந்தக் கோட்டை ஒட்டியே தைக்கப்பட்டவை. ஆனால் 30,000 என்பது விசா கொடுப்பவர்கள் கேட்கும் குறைந்தபட்சம். உங்கள் அப்பாவின் இதயத்தைப் பார்த்து யாரும் அந்தக் கணக்கைப் போடவில்லை.

நான் கிளெய்ம் பிரிவில் வேலை பார்த்தவன். பாலிசி வாங்குகிறவர்கள் முதலில் விலையைப் பார்ப்பார்கள், அடுத்து பெட்டி தொலைந்தால் எவ்வளவு, விமானம் தாமதமானால் எவ்வளவு என்று பார்ப்பார்கள், மருத்துவத்துக்குக் கடைசியாக வருவார்கள். அந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். பெட்டி தொலைந்தால் இரண்டு நாள் எரிச்சல், அவ்வளவுதான். ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளக்கூடியவை இரண்டு. ஒன்று, தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாள் கிடப்பது. இன்னொன்று, மருத்துவத் துணையோடு நாடு திரும்புவது. படுத்த நிலையில் கொண்டுவர வேண்டுமென்றால் சாதாரணப் பயணிகள் விமானத்திலேயே பல இருக்கைகளை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும், கூடவே மருத்துவரோ செவிலியரோ வர வேண்டும். ஏர் ஆம்புலன்ஸ் என்றால் கேட்கவே வேண்டாம். இந்த இரண்டுக்கும் உச்சத் தொகை என்ன, நாடு திரும்பும் செலவு மருத்துவத் தொகைக்குள்ளேயே வருகிறதா, தனியா என்று பாருங்கள். உள்ளேயே வருமானால் மருத்துவமனை பில் தின்றதுபோக மீதிதான் விமானத்துக்கு.

இன்னொன்று, உள்வரம்பு. பாலிசியின் முகப்பில் பெரிய தொகை போட்டிருப்பார்கள். உள்ளே போனால் குறிப்பிட்ட வயதைத் தாண்டியவர்களுக்கு அறை வாடகைக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு, மயக்க மருந்து நிபுணருக்கு இவ்வளவு என்று சில பாலிசிகளில் தனித்தனிப் பூட்டு இருக்கும். அதெல்லாம் சேர்ந்து முகப்பில் உள்ள தொகையை எட்டவே விடாது. மூன்று மடங்கு விலை வித்தியாசம் என்றீர்களே, அதில் பெரும்பகுதி இங்கேதான் ஒளிந்திருக்கும்.

வழிப்போக்கி

விரிவான பதிலுக்கு நன்றி சார். அப்பாவின் ஸ்டென்டைப் பற்றித்தான் பெரிய கவலை. படிவத்தில் ‘முன்பே இருக்கும் நோய்கள் உண்டா’ என்று ஒரு கேள்வி. ‘ஆம்’ என்று அழுத்தினால் பாதி பாலிசிகள் காணாமல் போகின்றன, மீதியின் விலை ஏறுகிறது.

சந்தேகசாமி

அதான் சொல்கிறேன், ‘இல்லை’ என்று அழுத்துங்கள். அப்பா கால் இடறி விழுந்தால் அதற்கும் ஸ்டென்டுக்கும் என்ன சம்பந்தம்?

வெள்ளைச்சீருடை

சந்தேகசாமி அண்ணா, தயவுசெய்து இந்த யோசனையை யாருக்கும் சொல்லாதீர்கள். நான் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். ஒருவர் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் நாங்கள் முதலில் கேட்பது ‘என்ன நோய் இருக்கிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எப்போதாவது அறுவை சிகிச்சை நடந்ததா’ என்பதுதான். கூட வந்தவர்கள் பதற்றத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் தவறான மருந்து போய்விடும். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கால் எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை என்றாலும் அந்த மாத்திரை முதல் கேள்வியாக வரும். அத்தனையும் நோயாளிக் குறிப்பில் ஏறும், அந்தக் குறிப்புதான் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும். ஆக, சம்பந்தமில்லை என்று நீங்கள் சொன்ன கால்முறிவிலேயே ஸ்டென்ட் வெளியே வந்துவிடும்.

கிளெய்ம்மேசை

அதோடு முடியாது. பெரிய தொகைக் கிளெய்ம் வந்தால் குடும்ப மருத்துவரின் பழைய குறிப்புகளையும் கேட்போம். அதற்கான சம்மதத்தைப் பாலிசி எடுக்கும்போதே நீங்கள் கொடுத்திருப்பீர்கள். உண்மையை மறைத்தது தெரிந்தால் அந்த நோய்க்கு மட்டும் பணம் மறுப்பதோடு நிற்க மாட்டார்கள், பல இடங்களில் பாலிசியையே செல்லாது என்று சொல்லிவிடலாம்.

‘ஆம்’ என்று சொன்ன பிறகும் வேலை இருக்கிறது, தம்பி. முன்பே இருக்கும் நோய்க்குக் காப்பு உண்டு என்று எழுதியிருந்தாலும் மூன்று விதமாக இருக்கும். முழுக் காப்பு, குறிப்பிட்ட தொகை வரை மட்டும், உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும். மூன்றாவது வகையில் ‘ஆபத்தைக் கடந்து நிலைமை சீராகும் வரை’ என்றிருக்கும். அதற்கப்புறம் நடக்கும் சிகிச்சை உங்கள் செலவு.

நிலையான உடல்நிலை என்ற நிபந்தனையையும் தேடிப் பாருங்கள். பயணத்துக்கு முன் இத்தனை மாதம் நோய் நிலையாக இருந்திருக்க வேண்டும் என்பார்கள். புதிய மருந்து, மருந்தின் அளவில் மாற்றம், முடிவு வராத பரிசோதனை, இவையெல்லாம் நிலையில்லாததன் அடையாளம். அளவைக் குறைத்தாலும் மாற்றம் மாற்றமே என்று எழுதியிருக்கும் பாலிசிகள் உண்டு. பாலிசி எடுத்த பிறகு, கிளம்புவதற்குள் அப்படி ஏதாவது நடந்தால் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பலரும் தவறவிடுவது இதைத்தான்.

நீலக்கடல்

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். கடனட்டையோடு வரும் இலவசப் பயணக் காப்பீடு போதாதா? என் அட்டையில் இருக்கிறது.

கணக்குப்புள்ளி

அட்டையின் விதிகளைப் படித்தால்தான் தெரியும், ஆனால் வழக்கமாகத் தடுக்கும் இடங்களைச் சொல்கிறேன். டிக்கெட்டை அந்த அட்டையில்தான் வாங்கியிருக்க வேண்டும் என்பார்கள். வயது வரம்பு இருக்கும். முன்பே இருக்கும் நோய் பெரும்பாலும் சேராது. சில அட்டைகளில் இருப்பது விமான விபத்துக் காப்பு மட்டும், மருத்துவமே கிடையாது. அட்டைக்காரருக்கு மட்டுமா, உடன் வரும் பெற்றோருக்குமா என்பது அடுத்த கேள்வி. நல்ல உடல்நலத்தோடு தனியாகப் போகும் இளைஞருக்குச் சில அட்டைகள் போதும். வழிப்போக்கியின் அப்பாவுக்கு நான் அதை நம்ப மாட்டேன்.

வழிப்போக்கிக்கு இன்னொரு விஷயம். டிக்கெட் போட்டாயிற்று என்றால் காப்பீட்டைத் தள்ளிப்போடாதீர்கள். மருத்துவக் காப்பு கிளம்பும் நாளில் தொடங்கும். ஆனால் பயணம் ரத்தானால் கிடைக்கும் காப்பு வழக்கமாகப் பாலிசி எடுத்த நாளிலிருந்தோ மறுநாளிலிருந்தோ தொடங்கிவிடும். கிளம்புவதற்கு முதல் நாள் எடுத்தால் அந்தப் பகுதிக்குக் கொடுத்த பணம் வீண். ஏதாவது செய்தியான பிறகு எடுப்பதும் அப்படித்தான். 2020இல் கொரோனா பரவத் தொடங்கியபோது, ஒரு தேதிக்குப் பிறகு வாங்கிய பாலிசிகளுக்கு ‘அறியப்பட்ட நிகழ்வு’ என்று சொல்லி நிறுவனங்கள் கையை விரித்தன. புயலுக்குப் பெயர் வைத்த பிறகு, வேலைநிறுத்தம் அறிவித்த பிறகு வாங்கினாலும் இதே கதைதான்.

சந்தேகசாமி

பார்த்தீர்களா, தேவைப்படும் நேரத்தில் கையை விரிப்பார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள்.

கணக்குப்புள்ளி

எதற்குக் கையை விரிப்பார்கள் என்பது முன்கூட்டியே அச்சில் இருக்கிறது என்கிறேன். ரத்துக் காப்பு என்றால் எந்தக் காரணத்துக்கும் பணம் வரும் என்று நினைக்கிறோம். பாலிசியில் காரணங்கள் பட்டியலாக இருக்கும்: பயணியின் அல்லது நெருங்கிய உறவினரின் கடும் நோய், மரணம், வீடு எரிந்துபோவது, இப்படி. மனம் மாறியது அதில் இல்லை. விசா மறுப்பும் வழக்கமாக இல்லை, சிலர் மட்டும் சேர்க்கிறார்கள். அமெரிக்கச் சந்தையில் எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்யும் கூடுதல் காப்பு விற்கிறார்கள், அதுவும் வழக்கமாகச் செலவில் 50 முதல் 75 சதவீதம்தான் திரும்பக் கொடுக்கும், முதல் முன்பணம் கட்டிய சில வாரங்களுக்குள் வாங்க வேண்டும்.

பட்டியலில் இல்லாதது எப்படி வெடிக்கும் என்பதற்கு 2010 ஏப்ரல் நல்ல உதாரணம். ஐஸ்லாந்தில் எரிமலை கக்கிய சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. மோசமான வானிலைக்குக் காப்பு உண்டு, ஆனால் சாம்பல் வானிலையா என்று வாக்குவாதம். சில நிறுவனங்கள் கொடுத்தன, சில மறுத்தன. அதற்கப்புறம்தான் பல பாலிசிகளில் எரிமலைச் சாம்பலைத் தனியாகக் குறிப்பிட ஆரம்பித்தார்கள்.

போகும் விமான நிறுவனமே திவாலானால் என்ன ஆகும் என்றும் ஒரு வரி தேடுங்கள். 2019 செப்டம்பரில், சொந்தமாக விமானங்களும் ஓட்டிய பிரிட்டிஷ் சுற்றுலா நிறுவனம் தாமஸ் குக் ஒரே இரவில் மூடியபோது, அந்த வரி இருக்கிறதா என்று பலர் அன்றைக்குத்தான் பாலிசியைத் திறந்து பார்த்தார்கள்.

மலையேறி

எல்லாரும் ஆஸ்பத்திரி, ரத்து என்றே பேசுகிறீர்கள். சுற்றுலாவில் என்ன செய்யப் போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லையே. என் கூட்டத்தில் நான் முதலில் பார்ப்பது உயர வரம்பு. சாதாரணப் பாலிசிகளில் நடைப்பயணத்துக்கு 3,000 மீட்டர், 4,000 மீட்டர் என்று கோடு போட்டிருப்பார்கள். எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டர். அந்தப் பாலிசியோடு அங்கே போகிறவருக்குப் பாதி வழியிலேயே காப்பு முடிந்துவிடும், ஹெலிகாப்டர் வேண்டியிருப்பது அதற்கு மேலேதான். முக்குளிப்பதற்கும் ஆழக் கணக்கு உண்டு. பெரும்பாலும் உங்கள் பயிற்சிச் சான்றிதழ் அனுமதிக்கும் ஆழம்தான் வரம்பு, தொடக்கநிலைச் சான்றிதழுக்கு 18 மீட்டர்.

ஆனால் அதிகம் பேர் மாட்டுவது மலையிலும் இல்லை, கடலிலும் இல்லை, வாடகை ஸ்கூட்டரில். கடற்கரை ஊர்களில் பாஸ்போர்ட்டை அடகு வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுவார்கள், உரிமம் கேட்கவே மாட்டார்கள். கடைக்காரர் கேட்கவில்லை என்பதற்காகக் காப்பீட்டு நிறுவனம் கேட்காமல் இருக்காது. சொந்த நாட்டில் இருசக்கர வாகன உரிமம், அந்த நாடு கேட்டால் இருசக்கர வாகனத்துக்கும் செல்லும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி, தலைக்கவசம், பாலிசி அனுமதிக்கும் எஞ்சின் அளவு, நான்கும் சரியாக இருக்க வேண்டும். கார் உரிமத்தை வைத்து ஸ்கூட்டர் ஓட்டினால் கதை முடிந்தது. குடித்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

வழிப்போக்கி

ஸ்கூட்டர் எல்லாம் இல்லை அண்ணா. ஆனால் சுவிட்சர்லாந்தில் யுங்ஃப்ராயோக் ரயிலில் மேலே போக அம்மாவுக்கு ஆசை. அது 3,454 மீட்டர் என்கிறார்கள். உயர வரம்பு இடிக்குமா?

மலையேறி

வரம்பு வழக்கமாக நடந்தோ ஏறியோ போவதற்குத்தான், ரயிலில் போய் இறங்கும் சுற்றுலாவுக்கு இல்லை. இருந்தாலும் வாசகம் ‘நடைப்பயணம், மலையேற்றம்’ என்றிருக்கிறதா, வெறுமனே ‘உயரம்’ என்றிருக்கிறதா என்று பாருங்கள். ‘உயரம்’ என்று மட்டும் இருந்தால் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வெள்ளைச்சீருடை

காப்பீடு இருக்கட்டும், அப்பா அவ்வளவு உயரம் போகலாமா என்று அவருடைய இதய மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். 2,500 மீட்டருக்கு மேலேயே சிலருக்கு உயர நோய் வரும். மருத்துவர் வேண்டாம் என்ற பிறகு போனால் அதுவும் விலக்குப் பட்டியலில் இருக்கும். மருத்துவரின் அறிவுரையை மீறிய பயணம் என்ற வரியைக் கிட்டத்தட்ட எல்லாப் பாலிசியிலும் பார்க்கலாம்.

நீலக்கடல்

பெட்டியைப் பற்றியும் யாராவது சொல்லுங்களேன். கிளெய்ம்மேசை சார் எரிச்சல் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார், என் பெட்டியில்தான் என் கேமரா போகிறது.

கிளெய்ம்மேசை

கேமராவைப் பெட்டியில் போடாதீர்கள், முதல் பதில் அதுதான். பெட்டிக்கு மொத்தத் தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு தனியாக இருக்கும், மின்னணுப் பொருள்களுக்கு இன்னும் குறைவு. விமானத்தில் ஏற்றிய பெட்டியிலிருந்து போன கேமரா, நகை, பணத்துக்குப் பல பாலிசிகளில் ஒன்றுமே இல்லை.

பெட்டிக்கு முதலில் பொறுப்பு விமான நிறுவனம். 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். வரை அவர்கள் தர வேண்டும், 2024 டிசம்பர் இறுதியிலிருந்து இந்த அளவு. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு, அதை உள்ளூர்ப் பணத்துக்கு மாற்றித் தருவார்கள். அது உச்ச வரம்பு, நஷ்டத்தைக் காட்டினால்தான் கிடைக்கும். பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன்பே முறைப்பாட்டு அறிக்கை வாங்கிவிடுங்கள். சேதத்துக்கு 7 நாளுக்குள், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். காப்பீட்டுக்காரர்களும் அந்த அறிக்கையைத்தான் முதலில் கேட்பார்கள். விமானத் தாமதத்துக்கும் அப்படியே. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் விமானங்களுக்கு 2004ஆம் ஆண்டின் 261ஆம் எண் விதி இருக்கிறது. தவறு விமான நிறுவனத்தின் பக்கம் என்றால் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை அதில் கேட்கலாம், அதற்குக் காப்பீடே வேண்டாம். இதனால்தான் சொல்கிறேன், பெட்டிக்கும் தாமதத்துக்கும் பாலிசியில் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், அந்தப் பணத்தை மருத்துவத் தொகையை உயர்த்தப் போடுங்கள்.

சந்தேகசாமி

சரி, மருத்துவம்தான் முக்கியம் என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பணத்தை நாம் கட்டிவிட்டு, ஊருக்கு வந்து பில்லைக் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருப்பதுதானே நடக்கிறது?

கிளெய்ம்மேசை

இது நல்ல கேள்வி. புறநோயாளிச் சிகிச்சைக்கு, அதாவது காய்ச்சல், பல்வலி மாதிரியானவற்றுக்கு, பெரும்பாலும் அப்படித்தான். நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு வாங்க வேண்டும். பில்லில் எக்ஸஸ் தொகை, அதாவது நீங்களே ஏற்க வேண்டிய முதல் பங்கு, கழியும், சிறிய பில்லாக இருந்தால் கையில் ஒன்றும் வராது. உள்நோயாளியாகச் சேரும்போது காப்பீட்டு நிறுவனத்தின் உதவி மையத்தை அழைத்தால் அவர்கள் மருத்துவமனைக்குப் பண உறுதிக் கடிதம் அனுப்புவார்கள். அதைத்தான் கேஷ்லெஸ் என்கிறோம். சேர்வதற்கு முன் அழைப்பது நல்லது, உயிர்போகும் அவசரம் என்றால் பாலிசி சொல்லும் கெடுவுக்குள். 24 மணி நேரம், 48 மணி நேரம் என்று இருக்கும். அழைக்காமல் இருந்தால் தொகையைக் குறைக்கவோ மறுக்கவோ வழி கொடுத்துவிடுகிறீர்கள்.

அதனால் வாங்கும் முன்பே அந்த எண்ணை ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். இரவில் எடுக்கிறார்களா, பேசுகிறவருக்கு விவரம் தெரிகிறதா, நீங்கள் போகும் ஊரில் நேரடியாகப் பணம் கட்டும் மருத்துவமனை இருக்கிறதா என்று கேளுங்கள். விளம்பரத்தில் வராத தகவல் எல்லாம் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும்.

வெள்ளைச்சீருடை

அந்த எண் உங்கள் கைப்பேசியில் மட்டும் இருந்தால் போதாது, வழிப்போக்கி. அப்பா அம்மா இருவரின் சட்டைப்பையிலும் கைப்பையிலும் காகிதத்தில் இருக்கட்டும், பாலிசி எண், மருந்துகளின் மூலப்பெயர், அளவு எல்லாவற்றோடும். வணிகப்பெயர் நாட்டுக்கு நாடு மாறும், மூலப்பெயர் எந்த மருத்துவருக்கும் புரியும். மருத்துவமனையை விட்டு வரும்போது விவரம் பிரித்த பில், டிஸ்சார்ஜ் சுருக்கம், பணம் கட்டிய ரசீது மூன்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு வேறு மொழி பேசும் அலுவலகத்திடம் அவற்றைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு.

வழிப்போக்கி

எல்லாருக்கும் நன்றி. இன்று இரண்டு நிறுவனங்களின் எண்ணைக் கூப்பிட்டேன். ஒன்றில் எடுக்கவே இல்லை. மற்றதில் பேசிய அம்மா பொறுமையாக ஸ்டென்ட் விவரத்தைக் கேட்டு, அப்பாவுக்கு மருத்துவக் கேள்வித்தாள் அனுப்புவதாகச் சொன்னார். கடைசியாக ஒன்று: மூவருக்கும் சேர்த்துக் குடும்பப் பாலிசி எடுத்தால் மலிவாக வருகிறது. எடுக்கலாமா?

கணக்குப்புள்ளி

காப்புத் தொகை தலைக்கு இவ்வளவா, மூவருக்கும் பொதுவா என்று கேளுங்கள். பொது என்றால் வேண்டாம். தலைக்கு என்றாலும் சில நிறுவனங்கள் மூத்தவரின் வயதை வைத்துத்தான் எல்லாருக்கும் விலை போடும், அப்போது தனித்தனியாக எடுப்பது இன்னும் மலிவாகக்கூட வரலாம். அப்பாவுக்கு நல்ல பாலிசி தனியாக, உங்களுக்கும் அம்மாவுக்கும் சாதாரணம் ஒன்று, இப்படியும் போட்டுப் பாருங்கள்.

கிளெய்ம்மேசை

தனித்தனியாக எடுத்தால் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். அப்பா மருத்துவமனையில் இருக்கும்போது துணைக்குத் தங்குபவரின் அறைச் செலவும் தள்ளிப்போன டிக்கெட்டும் யாருடைய பாலிசியில் வரும்? உடன் பயணிப்பவர் வேறு பாலிசியில் இருந்தாலும் ஏற்றுக்கொள்வோம் என்று எழுதியிருந்தால் பிரிக்கலாம். இல்லையென்றால் விலை கூடினாலும் ஒரே நிறுவனத்தில் எடுங்கள். பாலிசியில் பெயர்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும், இனிஷியலை விரித்து எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். விசா விண்ணப்பத்தைக் கொடுக்கும் முன்பே திருத்திவிடலாம்.